காணாமல் போன 64 எம்பி: ஒரு பள்ளி லேபில் நெட்வொர்க் வழியாக லினக்ஸ் ஏற்றிய அனுபவம்

பதினேழு சிஸ்டம்கள். எல்லாமே பென்டியம் 4, அல்லது அதே காலத்துச் செலரான். பதினொன்றில் 512 எம்பி ரேம், நான்கில் 256, இரண்டில் வெறும் 128. சிடி டிரைவ்களில் பாதி தட்டை வெளியே தள்ளுவதோடு சரி, எதையும் படிப்பதில்லை. பென் டிரைவிலிருந்து பூட் ஆகும் வசதி பெரும்பாலான பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) இல்லவே இல்லை. இருப்பதாகக் காட்டிய ஓரிரண்டிலும் வேலை செய்யவில்லை. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேப் இது. நான் படித்த பள்ளி. 2025 டிசம்பரில் அரையாண்டு விடுமுறை விட்டதும் கம்ப்யூட்டர் சார் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாத்துலயும் வைரஸ் ஏறிக் கெடக்கு. பசங்களுக்குப் பிராக்டிகல் வேற வருது. ஏதாவது பண்ண முடியுமா?"

தேவை பெரிதல்ல. பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். ஒரு எடிட்டரும் கம்பைலரும் இருந்தால் போதும். இணையம் பார்க்க இந்த மெஷின்கள் லாயக்கில்லை என்பதை முதலிலேயே சாரிடம் சொல்லிவிட்டேன். இன்றைய பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே 512 எம்பியும் காலி.

எந்த லினக்ஸ் என்பதிலும் அதிகம் யோசிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, இவை போன்ற 32 பிட் கணினிகளுக்கான கர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்ஸ்டாலரையும் கைவிட்டுவிட்டது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 தான் அந்த வகையில் கடைசி. எனக்குப் பழகியதும் அதுதான்.

சிடியும் பென் டிரைவும் கைகொடுக்காததால் மிஞ்சியது நெட்வொர்க். அதன் வழியாகப் பூட் செய்வது பழைய சங்கதி. இதற்காக இன்டெல் 1999-இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 என்ற வரையறையின்படி, சுவிட்சைப் போட்டதும் கணினி தனக்கொரு ஐபி முகவரி கேட்டு டிஹெச்சிபி என்ற முகவரி வழங்கும் முறையில் லேப் முழுக்கக் கூவும். பதில் சொல்லும் சர்வர் முகவரியோடு ஒரு கோப்பின் பெயரையும் கொடுக்கும். அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு மாற்று முறையில் இறக்கி ஓட்டினால், அது கர்னலையும் இன்ஸ்டாலரையும் இறக்கிக்கொள்ளும். சர்வராக இருந்தது என் பழைய லேப்டாப். டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே சின்ன நிரல் டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் கவனித்துக்கொண்டது. முதலில் இறங்கிக் கர்னலை ஏற்றிவிடும் அந்தக் கோப்பு, அதாவது பூட் லோடர், பிஎக்ஸ்இலினக்ஸ். கூடவே ஆப்ட்-கேச்சர்-என்ஜி: போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை இறங்கிய பேக்கேஜ் அடுத்த மெஷினுக்கு லேப்டாப்பிலிருந்தே போய்விடும். பள்ளியின் பிராட்பேண்ட் ரவுட்டரும் ஐபி முகவரி கொடுக்கும், யார் முந்துகிறார்களோ அவர்கள் பேச்சைத்தான் கணினி கேட்கும் என்பதால், ரவுட்டர் கேபிளை லேபிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

ஸ்விட்சின் அரை நிமிடம்

முதல் நாள் முழுக்க ஒரு மெஷின்கூடப் பூட் ஆகவில்லை. பயாஸில் "லேன் பூட் ரோம்" என்பது அணைத்தே கிடக்கும், அதைப் போட்டுவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் பூட் வரிசையிலேயே நெட்வொர்க் தலைகாட்டும். அது தெரிந்த விஷயம்தான், செய்தாயிற்று. அப்புறமும் திரையில் பிஎக்ஸ்இ-இ51. டிஹெச்சிபி பதில் எதுவும் வரவில்லை என்று அர்த்தம்.

டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் எழுத்துப் பிழை இருக்குமோ என்று இரண்டு மணி நேரம் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் நெட்வொர்க்கில் வருவதையெல்லாம் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டுப் பார்க்கத் தோன்றியது. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கணினியின் கூவலே லேப்டாப்புக்கு வந்து சேரவில்லை. இடையில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை (எல்லாக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) எடுத்துவிட்டு நேராகக் கேபிள் போட்டால் உடனே வேலை செய்கிறது. வீட்டிலிருந்த எட்டு போர்ட் ஸ்விட்ச் வழியாகவும் வேலை செய்கிறது. லேபில் இருந்தது ஓர் அலுவலகம் தானமாகக் கொடுத்த 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச்.

இந்த மாதிரி ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ என்றொரு பாதுகாப்பு உண்டு. யாராவது இரண்டு போர்ட்டையும் ஒரே கேபிளால் இணைத்து வட்டமாக்கிவிட்டால் நெட்வொர்க்கே படுத்துவிடும், அதைத் தடுப்பதற்கானது. ஒரு போர்ட்டில் இணைப்பு வந்ததும் 15 விநாடி கவனிக்கும், இன்னொரு 15 விநாடி கற்றுக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் தகவலைக் கடத்தும். அந்த அரை நிமிடமும் கணினி சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. பிஎக்ஸ்இ வரையறைப்படி 4, 8, 16, 32 விநாடி இடைவெளிகளில் நான்கு முறை கேட்க வேண்டும், அப்படிக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கும். இந்த மெஷின்களின் பூட் ரோம் அவ்வளவு நேரம் பொறுமை காட்டவில்லை. ஸ்விட்சின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாததால் ரீசெட் செய்து, எல்லா போர்ட்டையும் கடைக்கோடிப் போர்ட் (கணினி மட்டும் மாட்டும் இடம்) என்று குறித்ததும் காத்திருப்பு போய்விட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பி, வந்து சேர்ந்ததற்குப் பதில் வாங்கிய பிறகுதான் அடுத்த துண்டை அனுப்பும். ஒரே நேரத்தில் பதினொன்றையும் ஆன் செய்தால் பாதி வழியில் சில நின்றுவிடுகின்றன. மூன்று மூன்றாகப் போட்டேன்.

ஒரே மாடல், ஒரே ரேம்

இரண்டாம் நாள். 512 எம்பி மெஷின்கள் பதினொன்றும் ஒரே மதர்போர்டு, ஒரே மாதிரி ரேம். ஆறு ஒழுங்காகப் போயின. ஐந்து மட்டும், நெட்வொர்க்கிலிருந்து கூடுதல் பகுதிகளை ஏற்றும் கட்டத்தில் அப்படியே உறைந்து நின்றன. ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே சதவீதத்தில். ஆல்ட்டோடு எஃப்4 அழுத்தி நான்காவது திரைக்குப் போனால் அங்கே எழுதியிருக்கிறது: மெமரி தீர்ந்துவிட்டது, இன்ன புராசஸைக் கர்னல் கொன்றுவிட்டது.

டெபியன் இன்ஸ்டாலர் தொடங்கியதுமே எவ்வளவு மெமரி இருக்கிறது என்று பார்க்கும். குறைவு என்றால் முதலில் மொழிபெயர்ப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசும். அதுவும் போதாவிட்டால், அத்தியாவசியமான பகுதிகளை மட்டும் ஏற்றி, மற்றதெல்லாம் உனக்கு வேண்டுமா என்று நம்மிடம் கேட்கும். ரேம் போதாதபோது டிஸ்கில் கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் உருவானதும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அதைப் பயன்படுத்தத் தொடங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பார்ட்டிஷன் கட்டம் வருவதற்கு முன்பே செத்துவிட்டால் ஸ்வாப் எங்கிருந்து வரும்?

ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஓடிய மெஷினின் ரேமைச் செத்த மெஷினில் போட்டால் அதே இடத்தில் சாவு. ரேம் குற்றவாளி இல்லை. ஆல்ட், எஃப்2 அழுத்தி ஷெல்லுக்குப் போய் ஃப்ரீ கட்டளை அடித்துப் பார்த்தபோதுதான், ஓடிய மெஷினுக்கும் செத்த மெஷினுக்கும் மொத்த மெமரியிலேயே ஐம்பது எம்பிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தது. இரண்டிலும் இருப்பது 512 தான்!

விடை சுவிட்ச் போட்டதும் ஒரு விநாடி தெரிந்து மறையும் கறுப்புத் திரையில் இருந்தது. இரண்டு நாளாக நூறு முறையாவது அது கண்முன் ஓடியிருக்கும். போன் கேமராவில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தேன்: 458752 கே ஓகே, கூட்டல் 65536 கே ஷேர்டு மெமரி. அதாவது 448 எம்பிதான் கணினிக்கு, மிச்சம் 64 எம்பி திரைக்கு. இந்த மதர்போர்டுகளில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. உள்ளேயே இருக்கும் சிப், பொது ரேமிலிருந்து தன் பங்கை முதலிலேயே கிள்ளி எடுத்துக்கொள்ளும். எவ்வளவு கிள்ளலாம் என்பதைப் பயாஸில் சொல்லலாம். ஓடிய ஆறில் யாரோ புண்ணியவான் எப்போதோ 8 எம்பி என்று மாற்றி வைத்திருக்கிறார். அவற்றில் 504 எம்பி கிடைக்கிறது, இன்ஸ்டாலர் பிழைக்கிறது. 448-இல் பிழைக்கவில்லை.

சரி, இந்த ஐந்தில் மட்டும் ஏன் 64? பேட்டரி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்டப் பேட்டரி தீர்ந்தால், மெயின் கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து கம்பெனியில் வந்த நிலைக்குத் திரும்பும். எஃப்1 அழுத்தச் சொல்லி அந்த ஐந்தும் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. பழைய சிஸ்டம் அப்படித்தான் என்று அழுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். லேன் பூட் ரோமைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்ததும் இதனால்தான். சேவ் செய்ய மறந்துவிட்டேன் போல என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி வாங்கி வருவதற்குள் ஒன்றில் மட்டும் பயாஸில் 8 எம்பி என்று வைத்து ஓட்டிப் பார்த்தேன். உறைந்த கட்டத்தைத் தாண்டியது. ஆனால் அடிப்படை அமைப்பை ஏற்றும் இடத்தில் பேக்கேஜ்கள் உண்மையானவை என்று காட்டும் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்தை நம்ப மறுத்துவிட்டது. அந்த மெஷினைப் பொறுத்தவரை அது 2002-ஆம் ஆண்டு. கையெழுத்துப் போட்ட சாவி இன்னும் பிறக்கவே இல்லை. இணையம் இருந்தால் இன்ஸ்டாலர் தானே நேரத்தைச் சரிசெய்யும். என் ஏற்பாட்டில் பேக்கேஜ் தவிர வேறெதற்கும் லேபிலிருந்து வெளியே வழி இல்லை. பேருந்து நிலையம் பக்கத்து வாட்ச் கடையில் ஐந்து பேட்டரி வாங்கிப் போட்டேன், இரண்டு பிரச்சினையும் ஒன்றாக ஒழிந்தன.

டெஸ்க்டாப்பை இன்ஸ்டாலரிலேயே தேர்ந்தெடுக்கவில்லை. டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உண்டு, அவற்றின் பட்டியலைப் படிக்கவே பேக்கேஜ்களை ஏற்றும் ஆப்ட்டுக்குக் கணிசமான மெமரி வேண்டும். முதலில் அடிப்படை அமைப்பு மட்டும், ரீஸ்டார்ட் ஆன பிறகு ஐஸ்டபிள்யூஎம் என்ற எடை குறைந்த விண்டோ மேனேஜர், ஜீனி எடிட்டர், ஜி பிளஸ் பிளஸ் கம்பைலர், பைத்தான், லோகித் தமிழ் எழுத்துரு. இன்ஸ்டாலரைத் தமிழிலேயே ஓட்டிக் காட்டலாம் என்று சாருக்கு ஆசை. டெபியன் இன்ஸ்டாலரில் தமிழ் உண்டு, ஆனால் வரைகலைத் திரையில்தான் வரும். இங்கே மெமரி இருக்கும் லட்சணத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை.

இன்ஸ்டாலரை ரேமிலிருந்து வெளியேற்றுதல்

பழைய கணினிக்கு லினக்ஸ் நல்லது என்று எல்லாரும் சொல்கிறோம். ஓடும்போது அது உண்மை. ஏற்றி முடித்த பிறகு இந்த மெஷின்கள் ஐஸ்டபிள்யூஎம்மில் 512 எம்பியைத் தொடக்கூட இல்லை. ஆனால் ஏற்றும்போது கதை வேறு. நெட்வொர்க் வழியாக வரும் இன்ஸ்டாலர் முழுவதும் ரேமில்தான் குடியிருக்கிறது. சுருக்கப்பட்ட கோப்பு முதலில் ரேமுக்கு வருகிறது. அதை அங்கேயே விரிக்கிறது. விரித்து முடியும்வரை சுருங்கியதும் விரிந்ததும் சேர்ந்து இடத்தை அடைக்கின்றன. அப்புறம் இறக்கும் ஒவ்வொரு பகுதியும் அதே ரேமில். ஹார்டு டிஸ்க் பக்கத்திலேயே 40 ஜிபியோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

256 எம்பி மெஷின்கள் நான்கிலும் இந்த வழி செல்லாது என்பது முதல் முயற்சியிலேயே தெரிந்துவிட்டது. கர்னலே எழுந்திருக்க முடியாமல் விழுந்தது.

அதனால் இன்ஸ்டாலரையே விட்டுவிட்டேன். லேப்டாப்பில் டெப்பூட்ஸ்ட்ராப் என்ற நிரல் கொண்டு ஒரு சின்ன 32 பிட் டெபியனை ஒரு ஃபோல்டரில் உருவாக்கி, அதை நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் என்எஃப்எஸ் மூலம் படிக்க மட்டும் பகிர்ந்தேன். நான்கு மெஷினும் பிஎக்ஸ்இ வழியாகக் கர்னலை இறக்கும், அதன்பின் அந்த ஃபோல்டரையே தன் ரூட்டாக (டிஸ்கின் இடத்தில்) ஏற்றுக்கொள்ளும். கர்னலோடு கூட வரும், தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர்கள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில், இந்த மதர்போர்டின் நெட்வொர்க் சிப்புக்கான டிரைவரும் என்எஃப்எஸ்ஸும் மட்டும் இருக்குமாறு கைப்படப் பட்டியல் கொடுத்துச் சுருக்கினேன். எல்லா டிரைவரும் அடங்கிய வழக்கமான கோப்பு இதைவிடப் பல மடங்கு பெரிது.

இதில் லாபம் எங்கே என்றால், ரேமில் விரிந்து கிடக்கும் இன்ஸ்டாலர் கோப்புகளுக்கு வேறு பிரதி கிடையாது, கர்னலால் அவற்றைத் தூக்கி எறிய முடியாது. என்எஃப்எஸ்ஸிலிருந்து படித்த கோப்பு அப்படியல்ல. இடம் போதாவிட்டால் எறிந்துவிடலாம், மறுபடி வேண்டுமென்றால் லேப்டாப்பிலிருந்து படித்துக்கொள்ளலாம். மெதுவாக இருக்கும், ஆனால் சாகாது.

மிச்ச வேலையை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் செய்தது. டிஸ்கைப் பிரித்து, முதல் காரியமாக 1 ஜிபி ஸ்வாப் போட்டு, அதை ஓடவிட்டு, பிறகு மற்ற பார்ட்டிஷனை ஃபார்மட் செய்து, ஏற்கெனவே முடிந்த ஒரு 512 எம்பி மெஷினின் மொத்த அமைப்பையும் டார் கோப்பாக (எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு) எடுத்து வைத்திருந்ததை அதில் விரித்து, கடைசியாக டிஸ்கிலிருந்து பூட் ஆக வேண்டிய கிரப்பைப் பதித்தது.

இந்த டார் கோப்பில் ஒரு கூத்து. இடம் மிச்சமாகட்டும் என்று முதலில் எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் நிரலின் உச்ச அளவான 9-இல் சுருக்கினேன். அப்படிச் சுருக்கியதைப் பிரிக்க மட்டுமே 65 எம்பி ரேம் வேண்டும். 6-இல் சுருக்கியிருந்தால் 9 எம்பி போதும். 256 எம்பி மெஷின் ஸ்வாப்பில் முட்டி மோதி, டிஸ்க் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மறுபடி ஜிஜிப்பில் சுருக்கினேன். கோப்பு பெரிதாயிற்று, ஆனால் பிரிக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

நகல் எடுத்ததில் இன்னொரு தவறு. மெஷினுக்கு மெஷின் வேறாக இருக்க வேண்டிய அடையாள எண் கொண்ட மெஷின்-ஐடி கோப்பையும் சேர்த்தே நகலெடுத்துவிட்டேன். நெட்வொர்க்கைச் சிஸ்டம்டி என்ற நிரல் பார்த்துக்கொள்ளும்படி வைத்திருந்ததால், டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்ட அந்த எண்ணைத்தான் அது பயன்படுத்துகிறது. விளைவு, நான்கு மெஷினும் ஒரே ஐபி முகவரிக்குச் சண்டை போட்டன. கோப்பைக் காலி செய்து ரீஸ்டார்ட் செய்ததும் தீர்ந்தது. அதேபோல் நகலாகிவிட்ட, வேறு கணினியிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் அப்போதே புதிதாக்கினேன்.

128 எம்பி மெஷின்கள் இரண்டுக்கும் தொழில்நுட்பம் எதுவும் செய்யவில்லை. ஒன்றின் ரேமைக் கழற்றி மற்றொன்றில் போட்டேன். அது 256 ஆயிற்று, ஐந்தாவதாக இந்த வரிசையில் சேர்ந்தது. ரேம் இழந்தது உதிரிப் பாகக் கிடங்காகிவிட்டது. பதினேழில் பதினாறு.

ஜனவரியில் நடந்தது

பள்ளி திறந்து ஒரு வாரம் நல்லபடியாகப் போனது. அப்புறம் சார் கூப்பிட்டார். "தம்பி, ஏழாம் நம்பர் சிஸ்டத்துல ஒரு பொண்ணு போட்டு வச்சிருந்த பைத்தான் புரோகிராம் ஒண்ணையும் காணோம். யூசர் நேம்கூடப் பழசு இல்ல."

அது முழுக்க என் தப்பு. லேப்டாப்பை லேபிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், புதிதாக ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் கேச் பயன்படும் என்று. பிஎக்ஸ்இலினக்ஸில், ஐந்து விநாடிக்குள் எதுவும் அழுத்தாவிட்டால் என் ஸ்கிரிப்ட்டே ஓடும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு மெஷினாக நின்று கொண்டிருக்கச் சோம்பல். வேலை முடிந்ததும் எல்லா மெஷினிலும் பூட் வரிசையை ஹார்டு டிஸ்குக்கு மாற்றினேன், ஏழாம் நம்பரில் மறந்துவிட்டேன். லேப்டாப் அணைந்திருந்தவரை அது நெட்வொர்க்கில் கூவிப் பார்த்து, பதில் வராமல், டிஸ்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குச் சார் ஒரு எழுத்துரு ஏற்றுவதற்காக லேப்டாப்பை ஆன் செய்திருக்கிறார். ஏழாம் நம்பர் காலையில் கூவியது, பதில் வந்தது, டிஸ்கைத் துடைத்துப் புத்தம் புதிதாக்கிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை போய் மாற்றினேன். பிஎக்ஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கணினிக்கும் அதன் மேக் முகவரியின் (நெட்வொர்க் சிப்பின் தனி எண்) பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். இல்லாவிட்டால் ஐபி முகவரியைப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாக்கி, ஒவ்வோர் எழுத்தாக வெட்டிக்கொண்டே வந்து தேடும். எதுவும் கிடைக்காவிட்டால்தான் பொதுக் கோப்புக்கு வரும். பொதுக் கோப்பில் இப்போது டிஸ்கிலிருந்து பூட் ஆகு என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒரு மெஷினை ஏற்ற வேண்டுமென்றால் அதன் மேக் முகவரியில் கோப்பு உருவாக்க வேண்டும், ஏற்றி முடித்ததும் ஸ்கிரிப்ட்டே லேப்டாப்புக்குச் சொல்லி அந்தக் கோப்பை அழித்துவிடும். போதாததற்கு, டிஸ்கில் மாணவர்களின் ஃபோல்டர் ஏதாவது இருந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டுப் பள்ளியின் பெயரை டைப் செய்யச் சொல்லும்.

அந்தப் பெண் நான்கு புரோகிராமையும் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத் திரும்ப அடித்துவிட்டாளாம். ஏழாம் நம்பரின் பூட் வரிசையை மாற்றும்போது பார்த்தேன், அதன் பேட்டரி நான் மாற்றிய ஐந்தில் ஒன்று இல்லை. கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. வாட்ச் கடைக்காரரிடம் இன்னொன்று வாங்கி வந்து போட்டேன்.